மாற்றத்தை எதிர்கொள்ளும் நிர்வாகி



வேலை செய்யும் இடத்தில் மாற்றம் வரும்போது, அதனை ஏற்கவும் செவ்வனே நடத்தவும் ஒரு நிர்வாகி எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருளாகும். நிர்வாகி என்றவுடன் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் பெரிய அதிகாரியை மட்டும் நாம் எண்ணிவிடக் கூடாது. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் மண்டோரும் நிர்வாகிதான். பட்டறையின் மேற்பார்வையாளரும், பள்ளித் தலைமையாசிரியரும், நான்கு ஆட்களை வைத்துக் கடை நடத்துபவரும் நிர்வாகிகளே. யாருடைய சொல்லால் பிறருடைய அன்றாட வேலை மாறுகிறதோ அவர் எல்லாரும் இவ்வுரைக்கு உரியவர் ஆவர்.

பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். தோட்டத்தில் ஒரு மாற்றம் வந்தால் அது அலுவலகக் கணக்கில் தெரியும். அடுத்தபடியாகப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் தெரியும். ஒரு காட்டில் வேலை நின்ற சில மாதங்களில் ஒரு வகுப்பில் இரண்டு பெயர்கள் குறையும். கேட்டால், குடும்பம் பட்டணம் போய்விட்டது என்பார்கள். ஆகவே மாற்றம் எப்படி நடத்தப்படுகிறது என்பது தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெரிய காரியமே.

முதலில் ஒரு காட்சியை மனத்தில் கொண்டு வருவோம். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்த 1970, 1980ஆம் ஆண்டுகளின் காலம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நிற்கின்றனர். கிராணி பெயர் படித்து முடிக்கிறார். பிறகு மண்டோர் உரத்த குரலில், "அடுத்த மாதம் முதல் எட்டாம் நம்பர்க் காட்டில் பால்வெட்டுக் கிடையாது. மரத்தைச் சாய்க்கிறார்கள். செம்பனை நடப் போகிறார்கள்" என்கிறார். அவ்வளவுதான். ஆட்கள் கலைந்து போகிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக அதே நிரையில் பால் வெட்டிய ஓர் அம்மாள் வாளியைத் தூக்கிக் கொண்டு நடக்கிறார். அடுத்த மாதம் தமக்கு என்ன வேலை? குலை தூக்கத் தம்மால் முடியுமா? வீடு இருக்குமா? பிள்ளையின் பள்ளி என்ன ஆகும்? இவற்றை யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்போது அலுவலகத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்போம். செம்பனைக் கன்று காட்டுக்கு வருமுன் ஏறக்குறைய ஓராண்டு காலம் நாற்றங்காலில் வளர வேண்டும். அப்படியானால் முளைவிட்ட விதையைப் பைக்குள் வைத்த அன்றே எட்டாம் நம்பர்க் காட்டின் கதி முடிவாகிவிட்டது. அலுவலகத்துக்கு ஓராண்டாகத் தெரிந்திருந்த செய்தி, அந்த அம்மாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் தெரிந்தது. இடையில் கழிந்தது பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் அவருக்கு ஒரு புதிய வேலையைக் கற்றுக் கொடுத்திருக்கலாம். அவருடைய அச்சத்தைக் கேட்டிருக்கலாம். மாற்றத்தை முதலில் அறிபவர் நிர்வாகி. கடைசியில் அறிபவர் தொழிலாளி. இவ்விருவரும் அறியும் நாட்களுக்கு இடைப்பட்ட காலமே ஆயத்தத்துக்கு உரிய காலம். அதை வீணாக்காமல் பயன்படுத்துவதே நல்ல நிர்வாகத்தின் இலக்கணம் என்பது நம் கருத்து.

மாற்றம் என்பது தோட்டங்களுக்குப் புதியதன்று. இன்று பழைய தொழில் என்று நாம் கருதும் ரப்பரே ஒரு காலத்தில் புதுமையாக வந்ததுதான். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடு வராமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். காப்பிப் பயிரில் நம்பிக்கை வைத்திருந்த தோட்டக்காரர்களிடம் ரப்பரை நடும்படி வற்புறுத்தினார். அவரைப் பைத்தியக்காரர் என்றே பலர் பட்டப்பெயரிட்டு அழைத்தனர். ஆயினும் 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் துணிந்து ரப்பர்த் தோட்டம் போட்டார். காப்பியின் விலை சரிந்தபோது, முன்பே ரப்பர் நட்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

செம்பனையும் அப்படித்தான். 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது. பல்லாண்டுகள் ரப்பருக்குத் தம்பியாகவே இருந்தது. பிறகு ரப்பரை முந்தி நாட்டின் முதன்மைப் பயிராக உயர்ந்தது. ரப்பர்க் கன்று பால் கொடுக்க ஏறத்தாழ ஆறாண்டுகள் காத்திருக்க வேண்டும். செம்பனையோ மூன்றாண்டுக்குள் குலை தள்ளத் தொடங்கும். மேலும், ஒரே பரப்புள்ள காட்டுக்கு ரப்பருக்கு வேண்டிய ஆட்களைவிடச் செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. முதலாளிக்கு அது இலாபம். வேலையாளுக்கு அது கவலை. ஒரே செய்தி இருவர் காதில் இரு வேறு விதமாக ஒலிக்கும் என்பதை நிர்வாகி மறக்கலாகாது.

நேயர்களே, ஆயத்தம் என்பதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனிக் குலைகளாக வெவ்வேறு காலத்தில் மலர்கின்றன. ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பெண் பூவைச் சென்று சேர வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கா இம்மரத்தின் தாயகம். அங்கு இவ்வேலையைச் செய்யும் சிறிய வண்டு நம் நாட்டில் இல்லை. எனவே, இங்கே மனிதர்களே அதைச் செய்ய வேண்டியிருந்தது. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, மாவுடன் கலந்து, பெண் பூக்களின்மீது ஊதித் தூவி வந்தார்கள். மரம் மரமாக நடந்து, எந்தப் பூ இன்று மலர்ந்திருக்கிறது என்று பார்த்துச் செய்ய வேண்டிய நுட்பமான வேலை அது.

ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டுக்குச் சென்று அந்த வண்டை ஆராய்ந்தார். அது செம்பனையை விட்டு வேறு பயிரைத் தின்னுமா, கெடுக்குமா, நோயைக் கொண்டு வருமா என்று பல சோதனைகள் நடந்தன. தனிமைப்படுத்தி வளர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் தெளிவான பின்னரே 1981ஆம் ஆண்டில் ஜொகூரில் அதனைக் காட்டில் விட்டார்கள். அது விரைவிலேயே பெருகிப் பரவியது. பழங்கள் நெருக்கமாகப் பிடித்தன, குலைகள் கனத்தன. மனிதக் கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப் போயிற்று.

அவ்வளவு ஆயத்தம் செய்தும் எதிர்பாராத சிக்கல்கள் வரத்தான் செய்தன. பழத்தின் பருப்பு மிகுதியாயிற்று; பருப்பைப் பிரிக்கும் இயந்திர வசதியை ஆலைகள் பெருக்க வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்றோர் இடத்தில் வேலையைக் கூட்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. ஒரு சிறு வண்டை உள்ளே விடுவதற்கு முன், அது என்ன தின்னும், எங்கே தங்கும், யாருக்குத் தீங்கு என்று ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள். அது முற்றிலும் சரியே. அதே வேளையில், மகரந்தம் தூவியவர்கள் இனி என்ன வேலை செய்வார்கள், எதை உண்பார்கள், எங்கே தங்குவார்கள் என்பதையும் அத்தனை அக்கறையுடன் எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு நிர்வாகியும் ஒரு புதிய பொறியை வாங்கும் முன்பு, தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சரி, ஆயத்தம் என்றால் செய்ய வேண்டியவை யாவை? ஐந்தினைச் சொல்வோம்.

முதலாவது, நிர்வாகி தாமே மாணவராக வேண்டும். கணக்கைத் தாம் போட்டுப் பார்க்காத ஆசிரியர் அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட முடியாது. இதையே வேலையிடத்திலும் காண்கிறோம். பால்வெட்டில் பழகிய மண்டோருக்கு, காயம் பட்ட பட்டையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் உண்டு. அவருடைய மதிப்பே அந்தக் கண்ணில்தான் இருந்தது. செம்பனைக் காட்டிலோ அவரும் புது ஆள். உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணிக் குலை பழுத்ததா என்று தீர்மானிக்க வேண்டும். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். கனிந்து கெட்டால் எண்ணெயின் தரம் தாழும். அடிபட்ட பழம் தாமதமானால் புளிப்பேறும் என்பதால், வெட்டிய குலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர வேண்டும். இவற்றைக் கற்காமல் பழைய அதட்டலை மட்டும் வைத்துக் கொண்டு மேற்பார்வை செய்ய முடியுமா? மாற்றத்தைக் கண்டு அதிகம் அஞ்சுபவர் சில வேளைகளில் தொழிலாளி அல்லர். தம் பழைய திறமை செல்லாக் காசாகிவிடுமோ என்று அஞ்சும் மேற்பார்வையாளரே. அவ்வச்சத்தை நீக்கும் மருந்து, எல்லாருக்கும் முன்பாகத் தாமே உளியைக் கையில் எடுத்துப் பழகுவதுதான்.

இரண்டாவது, காலத்தோடு சொல்ல வேண்டும். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததை இன்னும் முடிவாகவில்லை என்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாம் முடிவான பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால், அதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிடும். வதந்தியோ எப்போதும் உண்மையைவிடப் பெரிய உருவம் கொண்டது. மேலும், சொல்வது கேட்போருக்கு விளங்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு தாளை ஒட்டிவிட்டுச் சொல்லியாகிவிட்டது என்பது சொன்னதாகாது.

1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை 12 மணிக்குத் திருப்பி வைத்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் முதல், ஐந்தரை என்றிருந்த நேரம் ஆறு மணி ஆயிற்று. கடிகார முள்ளைத் திருப்ப ஒரு நொடி போதும். ஆனால் சூரியன் தன் வழக்கத்தை மாற்றிக் கொள்ளவில்லை. பால் சுரக்கும் வேளையும் மாறவில்லை. உத்தரவு கடிகார முள்ளைப் போன்றது. மனிதனின் பழக்கம் அந்தச் சூரியனைப் போன்றது. இரண்டையும் ஒன்றென்று எண்ணும் நிர்வாகி ஏமாந்து போவார்.

மூன்றாவது, வேலை செய்யும் கைகளைக் கேட்க வேண்டும். எந்தக் காட்டில் மழைக்காலத்தில் வண்டி புதையும், எந்தச் சரிவில் குலை உருண்டோடும் என்பது வரைபடத்தில் இராது. அன்றாடம் நடப்பவரின் காலுக்குத்தான் தெரியும்.

இதில் எங்கள் பள்ளி அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இனி இணையம் வழியாகப் பாடம் என்றார்கள். எங்கள் தலைமையாசிரியர் உடனே கால அட்டவணை போடவில்லை. ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒவ்வொரு வீட்டையும் விசாரிக்கும்படி சொன்னார். எந்த வீட்டில் கைப்பேசி உண்டு? எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்று? அது வீட்டில் இருக்கும் நேரம் எது? விசாரித்தபோதுதான் விளங்கிற்று: பல வீடுகளில் ஒரே கைப்பேசி; அதுவும் தகப்பனாரோடு வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்பும். காலை எட்டு மணிக்குப் பாடம் என்று அறிவித்திருந்தால், நாங்கள் வெறும் திரையைப் பார்த்துக் கொண்டு பேசியிருப்போம். பாடங்களை மாலைக்கு மாற்றினோம். கைப்பேசி இல்லாத வீடுகளுக்குப் பயிற்சித் தாள்களைக் கட்டாகக் கட்டித் தோட்டத்து மளிகைக் கடையில் வைத்தோம். அரிசி வாங்க வந்தவர்கள் எடுத்துச் சென்றார்கள். எல்லாப் பிள்ளைகளையும் எட்டிவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கேட்காமல் தொடங்கியிருந்தால் பாதிப் பேரைக்கூட எட்டியிருக்க மாட்டோம்.

நான்காவது, கற்றுக் கொள்ளும் காலத்துக்கு உரிய செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இதனைப் பலரும் மறந்து விடுகிறார்கள். குலைக் கணக்கில் கூலி வாங்கும் ஓர் ஆளிடம் புதிய கருவி ஒன்றைக் கொடுக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் மோட்டார் அரிவாளையே எடுத்துக் கொள்ளலாம். கழியின் ஒரு முனையில் சிறு இயந்திரம், மறுமுனையில் அரிவாள். கை பழகிவிட்டால், உயரம் குறைந்த மரங்களில் அதிகக் குலைகளை வெட்டலாம். ஆனால் பழகும் வரையில் பழைய அளவுகூட வெட்ட முடியாது. அந்த நாட்களில் அவருடைய வருமானம் குறையும். மாத முடிவில் கடைக் கடனை நினைக்கும் அவர், மூன்றாம் நாளே புதுக் கருவியை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய கழியை எடுத்தால் அதில் வியப்பென்ன? அவரைப் பிடிவாதக்காரர் என்று பழிப்பது நியாயமாகாது. பழகும் நாட்களுக்கு முந்திய மாதச் சராசரிக் கூலியைக் குறையாமல் கொடுப்பதாக உறுதி சொன்னால், அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் கரைந்து போகும். முதலில் ஒரு காட்டில், விருப்பமுள்ள சிலரைக் கொண்டு செய்து பார்ப்பதும் நல்லது. அவர்கள் கையில் அது பலன் தருவதைக் கண்டால் மற்றவர்கள் தாமாகவே வருவார்கள்.

ஐந்தாவது, வேலை இல்லாமற் போகிறவர்களை முதலிலேயே எண்ண வேண்டும். ஒரு வேலை ஒழிந்து போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் நாட்டுச் சட்டம் ஒரு கீழெல்லையை வகுத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வாரமும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு ஆறு வாரமும், அதற்கு மேற்பட்டவருக்கு எட்டு வாரமும் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு நலன் விதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு அவருடைய சேவைக் காலத்தைப் பொறுத்து, ஆண்டொன்றுக்கு 10 நாள், 15 நாள், 20 நாள் என்ற கணக்கில் ஊதியம் சேர வேண்டும்.

இவை கீழெல்லைகள்; இதற்குக் குறையக் கூடாது என்பதே சட்டத்தின் பொருள். இவ்வளவு போதும் என்பது அதன் பொருளன்று. இருபதாண்டு பால் வெட்டியவருக்குச் சட்டம் கேட்பது எட்டு வார அறிவிப்பு. ஆனால் நாற்றங்கால் அலுவலகத்துக்கு ஓராண்டு அறிவிப்புக் கொடுத்துவிட்டதே! தமக்குக் கிடைத்த காலத்தில் ஒரு பகுதியைத் தம் ஆட்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்கு எந்த நிர்வாகிக்கும் பெருஞ்செலவு ஆகப் போவதில்லை.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில், தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். செயலையும், வலிமையையும், காலத்தையும், இடத்தையும் ஆராய்ந்து முடித்தபின், ஆட்களைத் தேர்ந்து தெளிவது பற்றியும் அவர்களிடம் வேலையை ஒப்படைப்பது பற்றியும் அடுத்து இரண்டு அதிகாரங்களை அமைத்தார். இவ்வைப்பு முறையே நமக்கு ஒரு பாடம். திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், இறுதியில் அது மனிதர் கையில்தான் போய்ச் சேர்கிறது.

நேயர்களே, அந்தப் பெரட்டுக் களத்துக்கே மீண்டும் போவோம். இம்முறை காட்சி ஓராண்டு முன்னதாக நடக்கிறது. மண்டோர் சொல்கிறார்: "எட்டாம் நம்பர்க் காட்டு மரங்கள் முதிர்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு அவற்றைச் சாய்த்துச் செம்பனை நடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். நாற்று வேலைக்குப் பத்துப் பேர் வேண்டும். அங்கே பால் வெட்டுபவர்களுக்கு முதல் இடம். வேலை பழகும் வரையில் கூலி குறையாது. வீடுகளைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் இதே இடத்தில் சொல்வோம். கேட்க வேண்டியதைச் சாயங்காலம் வந்து கேளுங்கள்." அந்த அம்மாள் வாளியைத் தூக்கிக் கொண்டு நடக்கிறார். கவலை முழுவதும் நீங்கிவிடவில்லை. ஆயினும் சாயங்காலம் எங்கே போய்க் கேட்பது என்று இப்போது அவருக்குத் தெரியும். என்ன கேட்பது என்று எண்ணிக் கொண்டே நடக்கிறார்.

மரம் சாய்வது இரு காட்சிகளிலும் ஒன்றுதான். செம்பனை வருவதும் ஒன்றுதான். வேறுபாடு, அதைச் சொன்ன காலத்திலும் சொன்ன முறையிலும் இருக்கிறது. அந்த வேறுபாட்டைச் செய்யும் அதிகாரம் பெரிய முதலாளிகளிடம் மட்டும் இல்லை. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. நாளை காலை வேலைக்குச் செல்லும்போது, நமக்குத் தெரிந்து நம் ஆட்களுக்கு இன்னும் தெரியாத செய்தி ஏதேனும் உண்டா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக. உண்டென்றால், அதை நாளைக்கே சொல்லத் தொடங்குவோமாக.